புகை பார்த்தாச்சு, பிரேக்கை யார் பார்க்கிறது?



கொஞ்சம் நீளமான பதிவு. பைக் வைத்திருப்பவர்கள் மட்டும் வாசியுங்கள் என்று போடத்தான் நினைத்தோம். ஆனால் நம்ம ஊரில் பைக் இல்லாத வீடு எது?

காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு பாடசாலை கேற்றடியில் நின்று பாருங்கள். டேங்கில் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு பிள்ளை, ஹாண்டிலில் சாப்பாட்டு பேக். வாப்பா பிரேக்கை மிதிக்கிறார். பைக் நிற்கவில்லை. இரண்டு செருப்பையும் ரோட்டில் தேய்த்துத்தான் நிற்பாட்டுகிறார். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார், அவரும் செருப்பால்தான் நிற்பாட்டப் போகிறார்.

பைக் பழசு என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய சீடி 125 உம் ஹீரோ ஹொண்டாவும்தான் நம்மைச் சுமந்தன. இன்னும் சுமக்கின்றன. நமது சண்டை வேறு. ஒவ்வொரு வருஷமும் வரி கட்டி லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். குழாயில் கம்பியை விட்டுப் புகையைப் பார்க்கிறார்கள், சீட்டைத் தருகிறார்கள். பிரேக்கை யாரும் மிதித்துப் பார்ப்பதில்லை. சொந்தப் பாவனை பைக்கின் பிரேக்கைப் பார்க்கிற பொறுப்பு முழுக்க ஓட்டுகிறவனுடையது. அந்த ஓட்டுகிறவனுக்கு டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்றே தெரியாது. நமக்கும் தெரியாமல்தான் இருந்தது.

போன மாரியில் எங்கள் மூன்று பேரில் ஒருவருடைய பைக்கில் நடந்தது இது. பின் பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு கராஜில் கொடுத்தோம். பத்து நிமிஷத்தில் "சரி சேர்" என்று தந்தார்கள். காசும் குறைவு. மிதித்தால் நன்றாகவே பிடித்தது. மூன்றாம் கிழமை, மகளைக் கிளாஸிலிருந்து ஏற்றி வரும்போது, மெயின் ரோட்டில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தார். பிடித்த பிரேக் திரும்ப விடவில்லை. பின் சில்லு இறுகி, பைக் சறுக்கி, பிள்ளை ரோட்டோரத்தில். பின்னால் வந்த உழவு மெஷின்காரர் நேரத்தோடு ஒதுக்கியதால் முழங்கால் தோலோடு போனது. அல்ஹம்துலில்லாஹ்.

சில்லைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. சூவில் லைனர் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. புது சூ போடுவதற்குப் பதிலாக, பிரேக் ஆர்மைக் கழற்றி ஒரு பல்லுத் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். பெடலை மிதித்தால் கம்பி இழுக்கும், ஆர்ம் திரும்பும், ஆர்மோடு உள்ளே உள்ள கேம் திரும்பி இரண்டு சூவையும் டிரம்மில் நெரிக்கும். டிரம் பிரேக் என்றால் இவ்வளவுதான். லைனர் தேயத் தேய கேம் கூடுதலாகத் திரும்பவேண்டி வரும். கம்பி நுனியில் உள்ள நட்டை இறுக்கிக்கொண்டே போகலாம், ஒரு கட்டத்தில் இறுக்கப் புரி இருக்காது. அது "சூவை மாற்று" என்று பைக் சொல்கிற இடம். அந்த இடத்தில் ஆர்மைத் தள்ளிப் பூட்டினால் இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். பிறகு கேம் அளவுக்கு மிஞ்சித் திரும்பி, திரும்பி வராமல் நின்றுவிடும். பல பைக்கில் ஆர்மடியில் ஒரு அம்புக்குறி இருக்கும், முழுக்க மிதிக்கும்போது அது தட்டில் உள்ள கோட்டைத் தொட்டால் லைனர் முடிந்தது என்று அர்த்தம். ஆர்மைத் தள்ளிப் பூட்டினால் அந்தக் குறியும் பொய் சொல்லும்.

ஆனால் குற்றத்தை முழுக்கக் கராஜில் போட எங்களுக்கு மனமில்லை. "கொஞ்சம் இறுக்கி விடுங்க தம்பி, சூ பிறகு மாத்துவம்" என்று சொன்ன வாய் நம்முடையது. ஒரு சோடி சூவின் விலை ஒரு சஹன் புரியாணிக்கு வராது. அதைப் பிறகு பார்ப்போம் என்றோம்.

அதற்குப் பிறகுதான் மூன்று பேரும் பழகத் தொடங்கினோம். வேலை விட்டு ஓய்ந்திருந்த ஒரு பழைய பாஸ் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சொல்லித் தந்தார். முதல் நாள் நாலு மணித்தியாலம் போனது. இப்போது முக்கால் மணித்தியாலம்.

இதைச் சொன்னால் மூன்று விதமான பேச்சு வருகிறது. முதலாவது, "சேர்மார் கையில கிரீஸா?" இதற்குப் பதில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. கல்வியியற் கல்லூரியில் "செய்து கற்றல்" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பாஸானவர்கள் நாங்கள். 2013 இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. பிள்ளைக்கு அது வேண்டும், வாப்பாவின் நகத்தில் கறுப்பு இருக்கக் கூடாது, அப்படித்தானே?

இரண்டாவது, "எல்லாம் கத்ர்." ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸ் தெரியாத ஆள் நம்மில் இல்லை. கட்டுகிற கயிறு இற்றுப் போயிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிற ஆள்தான் இல்லை.

மூன்றாவது பேச்சுக்கு மட்டும் மரியாதை கொடுக்கிறோம். "பிரேக் ஹயாத்தோட விசயம், தெரியாதவன் கை வைக்கக் கூடாது." உண்மை. டோர்க் ஆர்ம் போல்டைப் பூட்ட மறந்தால் தட்டு சில்லோடு சேர்ந்து சுற்றி, கம்பியை வளைத்து, ஆளைத் தூக்கி எறியும். அந்தப் போல்டுக்குப் புது ஸ்பிளிட் பின் போடாமல் எழும்பக் கூடாது என்று பாஸ் எங்களை ஏசிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. கிரீஸ் பட்ட விரலால் லைனரைத் தொட்டால் புது சூவும் வழுக்கும். கேமில் மட்டும் மெல்லிசாகப் பூச வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் எண்ணெய் மாற்றுவதையும் காற்று எடுப்பதையும் இப்போதைக்குத் தெரிந்தவரிடமே கொடுங்கள். ஆனால் தெரியாதவன் கை வைக்கக் கூடாது என்றால், தெரியாதவன் ஓட்டலாமா? பழகிவிட்டுக் கராஜுக்கே போங்கள், யார் வேண்டாம் என்றது? அங்கே நின்று "பழைய சூவைக் காட்டுங்க" என்று கேட்கத் தெரிந்த ஆளுக்கு எந்தக் கராஜும் ஆர்மைத் தள்ளிப் பூட்டாது.

லைனர் 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் பேச்சே இல்லை, இரண்டு சூவையும் சோடியாக மாற்றுங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்தால் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். உள்ளே உள்ள தூசியை வாயால் ஊத வேண்டாம், காற்றடிக்கவும் வேண்டாம். பழைய லைனரில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அச்சு நட்டை இறுக்கும்போது ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டால் சூ நடுவுக்கு வரும். பெடலில் ஒரு அங்குலம் அளவு சும்மா அமர வேண்டும், அதற்குப் பிறகு பிடிக்க வேண்டும். முதல் ஓட்டம் வெறும் மைதானத்தில், மெதுவாக, பின்னால் ஆளில்லாமல்.

வட்டைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. தண்ணிக்குள் இறக்கி ஏறினால் டிரம் நனைந்து முதல் மிதிப்பில் பிடிக்காது. மெயின் ரோட்டில் ஏறுமுன் மெதுவாக ஓடிக்கொண்டே நாலைந்து தரம் லேசாக மிதித்து உலர்த்துங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் பைக் குப்புற விழும் என்று அதைக் கழற்றியே வைத்திருக்கிற காக்காமாரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் மூன்று பைக்கையும் கழற்றி வைக்கப் போகிறோம். பழக விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், இடம் சொல்கிறோம். பிள்ளைகளையும் கூட்டி வரலாம், பொம்பளைப் பிள்ளைகளையும்தான், ஸ்கூட்டி ஓட்டுகிற டீச்சர்மார் இரண்டு பேர் ஏற்கனவே பேர் தந்துவிட்டார்கள். ஸ்பேனர் இருக்கிறது. கை துடைக்க ஒரு பழைய சாரம் கொண்டு வந்தால் போதும், லுஹருக்கு முன் முடித்துவிடுவோம்.