பலூனில் ஏற முதல் கீழே பாருங்க

நவம்பர் பிறந்தால் போதும், எங்கட ஃபோன்களில் அதே படம் சுற்றத் தொடங்கும்: விடியல் வெளிச்சம், சீகிரியாக் குன்று, பக்கத்தில் மிதக்கும் ஒரு பலூன். கூடவே ஒரு பட்டியலும் வரும். பலூன் சபாரிக்குத் தயாராவது எப்படி? மூடின சப்பாத்து போடுங்க. தலைக்கு மேலே நெருப்பு எரியும், தொப்பி வையுங்க. விடியக்காலைக் குளிருக்கு ஒரு ஜம்பர். கர்ப்பிணிகள் ஏற வேண்டாம். இறங்கும்போது முழங்காலை மடித்து, கூடைக்குள் இருக்கும் கயிற்றுப் பிடியை இறுக்கிப் பிடியுங்க.

பட்டியலில் பிழை இல்லை. 2013 பெப்ரவரி 26 அன்று எகிப்தின் லக்சோரில் ஒரு பலூன் தீப்பிடித்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். ஏறுகிறவர் கவனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் பட்டியல் முழுக்கக் கூடைக்குள் நிற்பவரைப் பற்றியதுதான். கூடைக்குக் கீழே இருப்பவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதை நாங்கள் அரைத் தயாரிப்பு என்கிறோம்.

பலூனுக்கு ஸ்டியரிங் இல்லை. காற்றைச் சூடாக்கினால் ஏறும், ஆறவிட்டால் இறங்கும், அவ்வளவுதான். எந்தப் பக்கம் போவது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும். ஏறும் இடம் தெரியும்; இறங்கும் இடத்தை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. 2025 ஜனவரியில் பொள்ளாச்சி பலூன் விழாவில் எழும்பிய ஒரு பலூன் கேரள எல்லையைத் தாண்டிப் பாலக்காட்டில் ஒரு வயலில் போய் இறங்கியது. அங்கே அது வேடிக்கைச் செய்தி. வயல்காரருக்கும் அது வேடிக்கையாக இருந்ததா?

எங்கட நாட்டில் பலூன் பறப்பது தம்புள்ளை, கந்தளமைப் பக்கம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை. அதில் பெரும்பாலான மாதங்கள் பெரும்போகக் காலமும்தான். வயலில் நெல் நிற்கிறது. அந்தப் பக்கத்து விவசாயிகள் இராத்திரி முழுக்கப் பரணில் காவல் இருக்கிறார்கள், கையில் யானை வெடியோடு. விடிய நாலு மணிக்கு ஹோட்டலில் அலாரம் அடித்து எழும்புகிறவர் ஒருவர். கண்ணே மூடாமல் இருப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே யானையைத்தான். ஒருவருக்கு அது படம். மற்றவருக்கு உயிர்.

2023இல் மட்டும் இலங்கையில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. 150க்கும் மேற்பட்ட மனிதர்களை யானைகள் கொன்றன. பரணையும் மின்வேலியையும் வெடியையும் வைத்து ஓடிக்கொண்டிருக்கும் இந்தச் சண்டைக்கு நடுவில், தலைக்கு மேலே பர்னர் 'புஸ்ஸ்' என்று இரைகிறது. அந்த இரைச்சலில் மிரளும் யானை எந்தப் பக்கம் ஓடும்? காட்டுக்குள்ளா, வயலுக்குள்ளா? அதைப் பற்றிப் பரணில் இருப்பவரோடு யார் பேசினார்கள்?

"ஜீப்பை விட பலூன் பரவாயில்லையே மச்சான்" என்பார்கள். ஒத்துக்கொள்கிறோம். மின்னேரியாவில் ஒரு யானையைச் சுற்றி ஜீப்புகள் வளைத்து நிற்பது அதைவிட மோசம். "நாட்டுக்கு டொலர் வேணாமா?" என்பார்கள். வேணும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாங்களும்தான் நின்றோம். எங்கட பொடியன்கள் எத்தனையோ பேர் ஹோட்டலில் வேலை செய்கிறார்கள், வேன் ஓட்டுகிறார்கள். சுற்றுலாவை மூடச் சொல்லவில்லை. ஆனால் கணக்கையும் பாருங்க. ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஒருவருக்கு இருநூறு டொலருக்கு மேல், அதாவது அறுபதாயிரம் ரூபாயளவில். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1350 ரூபாய். நாற்பத்து நாலு நாள் உழைப்பு. இவ்வளவு வாங்கும் தொழில், தான் இறங்கும் வயல்காரரோடு முன்கூட்டியே பேசி வைக்கக்கூடாதா?

முடியாத காரியம் இல்லை. இங்கிலாந்தில் பலூன் ஓட்டிகள் குதிரையும் மாடும் நிற்கும் பண்ணைகளை வரைபடத்தில் குறித்துவைத்து விலகிப் போகிறார்கள். இறங்கினால் நிலத்துக்காரரைத் தேடிப்போய்ப் பேசுவது அங்கே வழக்கம். பண்ணைக் குதிரைக்குக் கிடைக்கும் அந்த மரியாதை தம்புள்ளை விவசாயிக்கும் கிடைக்கட்டும் என்கிறோம்.

திகனயில் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று கேட்பீர்கள். உயரத்திலிருந்து பார்ப்பது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். 1985இல் திறந்த விக்டோரியா அணைக்கட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு மேலே இருந்து தெரிவது நீல நிறத் தண்ணீர், பச்சை மலை. அதுக்குக் கீழே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றினால்தான் இடிந்த சுவர்கள் வெளியே வரும். அழகான காட்சிக்குக் கீழே யாருடைய வீடு, யாருடைய வயல் என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. கேட்டால் மட்டும்தான் தெரியவரும்.

அதனால் அந்தப் பட்டியலில் மூன்று கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறோம். காசு கட்ட முதல் நிறுவனத்திடம் கேளுங்க. இறங்கக்கூடிய நிலங்களின் சொந்தக்காரர்களோடு பேசி வைத்திருக்கிறீர்களா? பயிர் மிதிபட்டால் நட்டஈடு யார், எப்போது கொடுப்பார்கள்? யானை நிற்கும் இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே இறங்க மாட்டீர்கள்?

பதில் இருந்தால் சந்தோசமாகப் போய் வாங்க, படத்தை எங்களுக்கும் அனுப்புங்க. பதில் இல்லாவிட்டால் சப்பாத்து, தொப்பி, ஜம்பர் எல்லாம் இருந்தும் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.