உயர் நீதிமன்றத்தைப் பார்க்க வழக்கு வேண்டுமா?

ஆண்டுக்கு ஒரு நாள், நவம்பர் மாதத்தில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் எல்லா வாயில்களும் மூடப்படுகின்றன. உள்ளே புகுந்து நடந்து பழகியவர்கள் அதைத் தங்கள் பாதையுரிமை என்று கோரிவிடக் கூடாது என்பதற்கான பழைய ஏற்பாடு. சட்டப்படி சரி. ஆனால், வழக்கோ கறுப்பு அங்கியோ இல்லாதவருக்கு மற்ற நாள்களிலும் அந்த வாயில்கள் மூடியவை போலத்தானே இருக்கின்றன?

1862-இல் தொடங்கிய உயர் நீதிமன்றம், 1892 ஜூலை 12 அன்று இன்றைய கட்டடத்துக்குக் குடிவந்தது. பிராசிங்டன் போட்ட திட்டத்தைத் திருத்தி முடித்தவர் ஹென்றி இர்வின். கட்டிக்கொடுத்தவர் ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி. செங்கல் குவிமாடங்களும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் நீண்ட தாழ்வாரங்களும் கொண்ட இதைவிடச் சிறந்த இந்தோ-சாரசெனிக் கட்டடம் தமிழ்நாட்டில் இல்லை என்றே சொல்வோம். ஏறத்தாழ 175 அடி உயர உச்சிக் கோபுரம், 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் இருந்து கப்பல்களுக்கு வழிகாட்டியது. அதற்கு முன் அந்த வேலையைச் செய்த 1844-ஆம் ஆண்டுத் தூணும் வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வீசிய குண்டு மதிலைத் தாக்கிய இடத்தில் கல்வெட்டு இருக்கிறது. வாய்க்கு வாய் ‘எம்டன்’ என்கிறோம். அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? இன்று பூக்கடையில் இருக்கும் சென்னகேசவர் கோயில் முதலில் இருந்ததும் இந்த மண்ணில்தான். கும்பினியார் அதை இடித்து அப்புறப்படுத்தினர்.

பாதுகாப்பு என்ற காரணத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. 2015 முதல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை இங்கே காவலுக்கு நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால், இதைவிடக் கெடுபிடி மிகுந்த டெல்லி உச்ச நீதிமன்றமே முன்பதிவு செய்தவர்களைச் சனிக்கிழமைகளில் உள்ளே அழைத்துச் சுற்றிக்காட்டுகிறது. அங்கே முடிந்தது பாரிமுனையில் ஏன் முடியாது? ஆர்வலர்கள் எப்போதாவது நடத்தும் மரபு நடைகள், விவரம் தெரிந்த சிலருக்கே எட்டுகின்றன. அரசுப் பள்ளி மாணவருக்கு அவை எட்டுவதில்லை.

விசாரணைக்கு இடையூறில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், அடையாள அட்டையுடன் முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுக்களாக அனுமதிக்கலாம். தமிழில் விளக்கிச் சொல்ல வழிகாட்டிகளைச் சுற்றுலாத் துறை தரட்டும். உயர் நீதிமன்ற நிர்வாகமும் தமிழக அரசும் கலந்து பேசி, வரும் ஆகஸ்ட் 22 சென்னை தினத்தையொட்டியே இதைத் தொடங்க வேண்டும்.