மரை பொருந்தினால் போதுமா?



மும்பையில் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு ஆராதனைக்குப் புறப்பட்டேன். மேம்பாலத்தின் நடுவில் மோட்டார் சைக்கிள் நின்றுபோயிற்று. நான்கு மாதங்களுக்குள் அது மூன்றாம் முறை. முந்தைய இரு முறையும் புது ஸ்பார்க் பிளக் வாங்கி மாட்டினேன். சில வாரங்கள் ஓடி மறுபடியும் நின்றது. இது சத்துருவின் தடையே என்று எண்ணி, அங்கேயே நின்று கடிந்து ஜெபித்தேன். நனைந்தபடி நின்ற என் மனைவி, "பிளக்கை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்களே, அது ஏன் கறுக்கிறது என்று யாரிடமாவது கேட்டீர்களா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஊரைவிட்டு வந்து இந்த நகரங்களில் பிழைக்கிற நம்மில் அநேகருக்கு வேலைக்கும் ஜெபக்கூட்டத்திற்கும் இந்த வாகனமே கால். ஆகவே நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

மறுநாள் நம் சபையின் மெக்கானிக் சகோதரர் ஒருவர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "ஐயா, புதியதை வாங்குமுன் பழையதை வாசிக்க வேண்டும்" என்றார். பிளக்கின் முனை இளம்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலமாயிருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகவோ காற்று குறைவாகவோ செல்லுகிறது. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் அளவுக்குமீறிச் சூடாகிறது. என் பிளக்கில் இருந்ததோ உலர்ந்த கரி. காற்று வடிகட்டியைத் திறந்தால் தூசி அடைத்துக் கிடந்தது. காரணத்தை உள்ளே விட்டுவிட்டு, அடையாளத்தை மாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தவறு வாங்குகையில் நேர்ந்தது. "மரை பொருந்துகிறது, போதும்" என்றார் கடைக்காரர். விலை குறைவென்று நானும் வாங்கினேன். மரை பொருந்துவது வேறு, எஞ்சினுக்கு ஏற்றதாயிருப்பது வேறு. பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 800 டிகிரியைத் தாண்டிப் போனாலோ, பொறி எழும்புமுன்னே எரிபொருளைப் பற்றவைத்து, பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடக் கூடும். வெப்பத்தை விரைவாகக் கடத்திவிடுவது 'கோல்ட்' பிளக். தாமதமாகக் கடத்துவது 'ஹாட்' பிளக். என் வண்டிக்கு வேண்டியதைவிடக் கோல்டான பிளக்கை மாட்டியிருந்தேன். அதனால் கரி இன்னும் விரைவாகப் படிந்தது.

இந்த வெப்ப அளவைப் பிளக்கின் மேலுள்ள எண் காட்டுகிறது. என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூட கோல்ட். பாஷ் பிளக்கிலோ எண் கூடக்கூட ஹாட். ஆகவே கம்பெனி மாறும்போது எண்ணை மாத்திரம் ஒப்பிட்டு வாங்காதிருங்கள். சிபிஆர்8இஏ-9 என்ற என்ஜிகே குறியீட்டைப் பாருங்கள். 'சி' 10 மில்லிமீட்டர் மரையையும், 'ஆர்' மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டரையும், 8 வெப்ப அளவையும், 'இ' 19 மில்லிமீட்டர் மரை நீளத்தையும், கடைசி 9 என்பது 0.9 மில்லிமீட்டர் இடைவெளியையும் குறிக்கும். மரை நீளம் கூடினால் பிஸ்டன் இடிக்கக் கூடும். குறைந்தால் பொறி உள்ளொடுங்கி நிற்கும். 2020-இல் பிஎஸ்-6 விதி வந்தபின் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்கள் மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுவதால், 'ஆர்' இல்லாத பிளக் அவற்றுக்கு இடையூறாகலாம். எனவே வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். போலிப் பிளக்குகள் அதிகம் விற்கப்படுகிறபடியால், அங்கீகரிக்கப்பட்ட கடையிலேயே வாங்குங்கள். இரிடியம் பிளக் நெடுநாள் உழைக்கும். ஆனால் வேறு பழுதை அது மறைக்காது. இரட்டைப் பிளக் உள்ள பல்சர் போன்ற வண்டிகளில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

மாட்டும்போது எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும். கழற்றுமுன் சுற்றிலுமுள்ள தூசியை ஊதிவிடுங்கள். புதியதை முதலில் கையாலேயே திருகுங்கள். வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் ஏறக்குறைய அரைச்சுற்று போதும். அலுமினிய மரை பழுதானால் செலவு பிளக்கின் விலையைப்போல் பல மடங்காகும்.

பிரியமானவர்களே, ஆசரிப்புக்கூடாரத்தின் குத்துவிளக்கைப் பொன்னால் செய்யக் கட்டளையிட்ட தேவன், திரியின் கருக்கை அகற்றும் கத்தரிகளையும் சாம்பல் பாத்திரங்களையும்கூடப் பொன்னாலேயே செய்யச் சொன்னார் என்று யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விளக்கு எரிவது எவ்வளவு பரிசுத்தமான காரியமோ, அதன் கரியைத் துடைப்பதும் அவ்வளவு பரிசுத்தமானது. நாமோ அக்கினிக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் கதறுகிறோம்; கரியைக் குறித்து விசாரிப்பதில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோனதற்கும், பிள்ளை நம்மை விட்டு விலகிப்போனதற்கும் சத்துருவைக் கடிந்துகொள்ளுகிறோம். அடைத்துக் கிடக்கிறது நம் கோபமோ, கடனோ, நேரமின்மையோ என்று திறந்து பார்க்கிறோமா? சத்துரு உண்டு, அவனை எதிர்த்து நிற்கவும் வேண்டும். ஆனால் நம் அசட்டையின் பழியையெல்லாம் அவன்மேல் போட்டுவிட்டால், மனந்திரும்புவதற்கு நமக்கு ஒன்றுமே மீந்திராது.

அன்று மாலை என் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதலில் வடிகட்டியை மாற்றினீர்களா?" என்றாள். மாற்றியிருந்தேன்.

இந்த வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அப்படியே கர்த்தருடைய சமுகத்தில் உங்கள் இருதயத்தையும் திறந்து வையுங்கள். உங்கள் பயணங்களிலெல்லாம் அவர் துணைநிற்பாராக. ஆமென்.