சந்தாவுக்கு ஒரு நீதி, பென்ஷனுக்கு ஒரு நீதியா?

பிரிட்டனில் வேலை செய்ய அனுமதி பெற்ற எவரும், எந்நாட்டுப் பிரஜையாயினும், தேசீய இன்ஷூரன்ஸ் எண்ணுக்கு மனுச் செய்துகொள்ளலாம். இதைப் பரந்த நோக்கமென்று புகழ்வோர் உளர். பதிவேட்டில் பெயர் ஏறுவது ஒன்று. அதன் பயனை அடைவது வேறொன்று.

1946-ம் வருஷத்துச் சட்டப்படி 1948 ஜூலை 5 முதல் அமலுக்கு வந்த இத்திட்டத்தின் தத்துவம் உயர்ந்ததே. உழைக்குங் காலத்தில் சந்தா செலுத்துவோன், முதுமையில் பிறர் தயவை நாடாமல் உரிமையுடன் பென்ஷன் பெறவேண்டுமென்பதே அது. அந்நியத் தொழிலாளியிடமும் சந்தா தவறாமல் வசூலிக்கப்படுகிறது. 2024 ஏப்ரல் முதல், வருஷம் 12,570 பவுனுக்கு மேல் 50,270 பவுன் வரையுள்ள சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் தம் பங்கைச் செலுத்துகிறார்.

பலன் யாது? 2016 ஏப்ரல் முதல் உள்ள விதிப்படி, புதிய பென்ஷன் பெறப் பொதுவாக 10 வருஷக் கணக்கு வேண்டும். ஐந்தாறு வருஷம் உழைத்துத் தாயகம் திரும்பும் நம்மவருக்கு அந்தப் பென்ஷனும் இல்லை. கட்டிய சந்தாவும் திரும்பாது. 10 வருஷம் நிறைந்தவருக்கும் முழு நியாயம் கிடைப்பதில்லை. பிலிப்பைன்ஸில் வசிப்போருக்கு வருஷந்தோறும் உயரும் பென்ஷன், இந்தியாவில் வசிப்போருக்கு ஆரம்பத் தொகையிலேயே நின்றுவிடுகிறது. அந்நாட்டுடன் உடன்பாடு உண்டு. நம்முடன் இல்லை என்பதே காரணம். ஒரே சந்தா செலுத்தியவருக்குள் இப்பேதம் எங்ஙனம் பொருந்தும்?

2025 மே மாதம், வர்த்தகப் பேச்சின் முடிவில், ஒரு சலுகைக்கு இரு சர்க்கார்களும் இசைந்தன. தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர் 3 வருஷம் வரை தாய்நாட்டில் மட்டும் சந்தா செலுத்தினால் போதுமென்பது அது. இதை வரவேற்கிறோம். ஆனால் இது கம்பெனிகள் அனுப்பும் உத்தியோகஸ்தருக்கே உதவும். பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளில் நேரே வேலைக்கமரும் நமது நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் இதனால் நன்மையில்லை.

நம் நாடும் 2008-ல் அந்நிய ஊழியரை வருங்கால வைப்பு நிதியில் சேரும்படி விதித்தது உண்மையே. ஆனால் அந்நிதியில் சேரும் பணம், காலந் தாழ்ந்தேனும், வட்டியுடன் அவரவருக்கே உரியது. அந்த நியாயத்தையே நாம் பிரிட்டனிடமும் கோருகிறோம்.

இரு நாடுகளிலும் உழைத்த வருஷங்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்தியாவில் பெறும் பென்ஷனும் உயர வேண்டும். இவ்விரண்டையும் இந்திய சர்க்கார் வற்புறுத்திப் பெறுவது கடமையாகும். நாம் கேட்பது தர்மமன்று. உழைத்துச் செலுத்திய பணத்தின் பயன்.