கொப்பியில் ஏறாத புகை

2020 செப்டெம்பர் 3ஆம் திகதியை அம்பாறைக் கரையோரத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சங்கமன்கண்டி முனைக்கு அப்பால் 38 கடல் மைல் தொலைவில் ‘நியூ டயமண்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் அன்று தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகெண்ணெயை அது ஏற்றிச் சென்றது. பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் உயிரிழந்தார். அந்த மசகெண்ணெய் கடலில் கலந்திருந்தால் பொத்துவில் முதல் மருதமுனை வரை கரைவலையை நம்பி வாழும் குடும்பங்களின் அடுப்புகள் அணைந்திருக்கும். நல்லவேளை, அவ்வாறு நடக்கவில்லை.

அந்த விபத்துக்கு ஒரு கணக்குப் பார்க்கப்பட்டது. தீயணைத்த செலவை இலங்கை கோரியது. கப்பலின் தலைவர் கொழும்பு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார், தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

நான் கேட்பது தீப்பற்றாத கப்பல்களைப் பற்றி. அவை நாள்தோறும் புகைபோக்கி வழியே வெளிவிடும் காபனீரொட்சைட்டு யாருடைய கணக்கு? நியூ டயமண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடி பனாமாவுடையது. தலைவர் கிரேக்கர். எண்ணெய் குவைத்திலிருந்து வந்தது. வாடகைக்கு அமர்த்தியது இந்திய நிறுவனம். கடந்து சென்றது எங்கள் கடல். இத்தனை பேர் சம்பந்தப்பட்ட பயணத்தின் புகை எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதில்லை!

எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடைகளில் கடன் கொப்பி உண்டு. யாரும் பெயர் கொடுக்காத சாமானைக் கடைக்காரர் கடைசித் தாளில் குறித்து வைத்தால், அது கண்ணுக்குத் தெரியும்; ஆனால் எவருடைய கடனிலும் கூட்டப்படாது. ஐக்கிய நாடுகளின் காலநிலைக் கணக்கும் இப்படித்தான் நடக்கிறது. சர்வதேசக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் விற்ற எரிபொருளின் புகையை ஒவ்வொரு நாடும் தனியாக அறிவிக்க வேண்டும். தேசிய மொத்தத்தில் சேர்க்கக் கூடாது.

இதனை யாருக்குப் பங்கிடுவது என்று 1996இலேயே எட்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. எதிலும் உடன்பாடு வரவில்லை. 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை, பொறுப்பைச் சர்வதேச கடல்சார் அமைப்பிடமும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடமும் தள்ளிவிட்டது. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையோ இவ்விரு துறைகளின் பெயரையே சொல்லவில்லை.

சிறிய தொகையென்றால் விட்டுவிடலாம். கடல்சார் அமைப்பின் சொந்த ஆய்வின்படி, 2018இல் உலகக் கப்பற் போக்குவரத்து வெளிவிட்ட பச்சைவீட்டு வாயு 107 கோடி தொன்னுக்கு மேல். மனிதரால் வெளியாகும் மொத்தத்தில் 2.89 வீதம். கப்பல்களின் புகைக்கு விலை வைக்கும் திட்டத்தை 2025 ஏப்ரலில் அங்கீகரித்த அதே அமைப்பில், ஒக்டோபரில் அதனை நிறைவேற்றும் வேளை வந்தபோது, 57 நாடுகள் ஓராண்டு தள்ளிப்போட வாக்களித்தன. 49 நாடுகள் எதிர்த்தன. விமானத் துறையின் திட்டமோ, 2019இல் வெளிவிட்ட அளவின் 85 வீதத்தைத் தாண்டும் பகுதிக்கு மாத்திரம் ஈட்டுப்பத்திரம் வாங்கினால் போதும் என்கிறது. 85 வீதக் கடனைத் தள்ளுபடி செய்யும் கடைக்காரரை நான் இன்னும் கண்டதில்லை.

பங்கிடவே முடியாது என்பது வெறும் சாட்டு. 2024 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தன் துறைமுகங்களுக்கும் வெளித் துறைமுகங்களுக்கும் இடையிலான கப்பற் பயணங்களின் புகையில் பாதியைத் தன் சந்தைக் கணக்கில் சேர்க்கிறது. கணக்குப் போடத் தெரிகிறது! ஆனால் அதில் வரும் பணம் பெரும்பாலும் ஐரோப்பாவுக்குள்ளேயே தங்குகிறது. வழியிலுள்ள கரைகளுக்கென்று தனிப் பங்கு எதுவும் இல்லை.

எங்கள் கைகளும் சுத்தமில்லை என்பார் நண்பர் ஒருவர். உண்மைதான். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வளைகுடாவுக்கு விமானம் ஏறிய ஒருவரேனும் இல்லாத தெருவைத் தேட வேண்டும். ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பின் கரையை அரித்த கடலுக்கும் நான் காலநிலையைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது எங்கள் நாட்டவர் செய்துகொண்ட வினை. ஆனால் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனவளின் ஓர் இருக்கையையும், செல்வந்தரின் தனி விமானத்தையும் ஒரே பெயரில்லாத் தாளில் எழுதி மறைப்பது நீதியா? எரிபொருள் விற்ற நாட்டின் தலையில் கட்டினால் அம்பாந்தோட்டையும் கொழும்பும் அல்லவா சுமக்கும்? சரக்கு யாருக்குப் போகிறதோ, அவர் பெயரில் எழுதுங்கள் என்பதே என் வாதம்.

2004 டிசம்பரில் கடல் எங்களைப் பெயர் கேட்காமல் கொண்டுபோனது. அது பூகம்பத்தின் வேலை; எவர் மீதும் வழக்கில்லை. இப்போது ஆண்டுக்கு ஆண்டு உயரும் கடல் அப்படியல்ல. அதற்குக் கடனாளிகள் உண்டு. அவர்களின் பெயர்களைக் கொப்பியில் ஏற்றும்படி இலங்கையின் பிரதிநிதிகள் இனி வரும் ஒவ்வொரு மாநாட்டிலும் கேட்க வேண்டும். இலண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் இதனை வாசிக்கும் நீங்கள், உங்கள் நாட்டு அரசுகளிடம் கேளுங்கள். கேளாமல் விட்ட கடன் தானாகத் திரும்பியதாக நான் அறியேன்.