எறியாதே தோழா, கையில் கொடு

எங்கள் ஆயா கடைக்குப் போன கதையிலிருந்து தொடங்குகிறேன். ஊர்த்தெருவில் ஒரே ஒரு மளிகைக் கடை. நம்ம ஆளுங்க படியில் கால் வைக்கக் கூடாது. காசைப் படிமேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நிற்கணும். கடைக்காரர் அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுப்பார். உப்பையும் மிளகாயையும் பொட்டலம் கட்டி மேலிருந்து போடுவார்; ஆயா முந்தானையை ஏந்திப் பிடிக்கணும். "கைக்குக் கை படாமயே அம்பது வருசம் யாவாரம் பண்ணாண்டா அந்த ஆளு" என்று சொல்லிவிட்டு ஆயா சிரிக்கும். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ கவிதைகளில் எழுதிப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

கடைக்குள் நுழைந்து பொருள் கேட்பது நமக்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. சாதியைச் சொல்லிக் கடைக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் 15(2) என்று தனியாக ஒரு பிரிவு எழுத வேண்டியிருந்தது. தீண்டாமையின் பேரில் பொருள் விற்க மறுப்பதைக் குற்றமாக்க 1955இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம் 'ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குக் கொடுக்க மாட்டோம்' என்று சொல்லி அனுப்பியதை நாடே செல்பேசியில் பார்த்தது. 'வாடிக்கையாளர்' என்கிற சொல் நமக்குச் சும்மா வந்ததல்ல.

சரி, வந்த அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்?

ஓர் ஏப்ரல் 14. சிலைக்கு மாலை போடப் போகும் வழியில் தோழர்கள் நாலு பேர் டவுனில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தோம். பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்கினோம். பில் போடுகிற இடத்தில் இருபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண். அலமாரியில் ஒட்டியிருந்த விலைக்கும் பில்லில் வந்த விலைக்கும் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசம். "சிஸ்டத்துல இப்படித்தாண்ணே காட்டுது, சூப்பர்வைசர் வரட்டும்" என்றது அந்தப் பெண். எங்கள் தோழர், நல்ல தோழர், சாலை மறியலில் மண்டை உடைந்தவர், "ஏய், நாங்க யாருன்னு தெரியுமா?" என்று ஐந்நூறு ரூபாய் நோட்டை எறிந்தார். அது மெஷினில் பட்டுக் கீழே விழுந்தது. அந்தப் பெண் குனிந்து பொறுக்கியது. பின்னாலிருந்த வரிசை வேடிக்கை பார்த்தது. நானும்தான். என் கையில் அம்பேத்கருக்குப் போட வேண்டிய மாலை இருந்தது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆயா ஏந்திய முந்தானையும் அந்தப் பெண் குனிந்த முதுகும் மாறி மாறி வந்தன.

மறுநாள் வேலை முடிந்து அந்தக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, "நேத்து நடந்தது தப்புமா" என்றேன். அதற்கு என்னை அடையாளம்கூடத் தெரியவில்லை. "எது சார்? தெனமும் நாலு பேர் எறிவாங்க" என்றது. கீழே பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தது. பாதம் வீங்கியிருந்தது. உட்காரக் கூடாதா என்றேன். "உக்காந்தா கேமராவுல தெரியும் சார்" என்றது. ராத்திரி கணக்கு முடிக்கும்போது கல்லாவில் பணம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். நேற்று எங்கள் சத்தத்தில் பதறி, அடுத்த ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிட்டது. அது யார் பணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோழர்களே, சாதி படிநிலையாக இயங்குகிறது என்று நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அம்பேத்கர். மேலே போகப் போக மரியாதை, கீழே வர வர இகழ்ச்சி. ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒருவன் கீழே இருப்பதால்தான் இந்த ஏணியை யாரும் சேர்ந்து உடைக்க மாட்டேனென்கிறான். இதை நாம் எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறோம். ஆனால் கடை முதலாளி நமக்கு என்ன விற்கிறான் என்று யோசித்தோமா? பிஸ்கட்டோடு சேர்த்து, நமக்குக் கீழே ஓர் ஆளையும் இரண்டு நிமிட வாடகைக்குத் தருகிறான். 'வாடிக்கையாளரே ராஜா' என்று போர்டு மாட்டுகிறான். இதில் அவனுக்கு நயா பைசா செலவில்லை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். அந்த இலவசம் பில் போடும் பெண்ணின் சுயமரியாதை. ராஜாவையும் பிரஜையையும் ஒழிக்கப் புறப்பட்ட நாம், இரண்டு நிமிட ராஜா ஆனதும் நோட்டை எறிகிறோம்.

எனக்கு இது வெறும் தத்துவம் இல்லை. நானும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சோறு தின்கிறவன். வங்கிகளில் காந்தி படத்தோடு ஒரு வாசகம் மாட்டியிருப்பார்கள், வாடிக்கையாளர்தான் முக்கியமானவர் என்று. அது அவர் சொன்னதுதான் என்பதற்கு ஆதாரம் கிடைத்ததில்லை, ஆனாலும் தொங்குகிறது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கப்புறம் பல வாரம் நாங்கள் எப்போது சாப்பிட்டோம் என்றே ஞாபகம் இல்லை. முதலில் நாலாயிரம் மாற்றலாம் என்றார்கள், பிறகு நாலாயிரத்து ஐந்நூறு, பிறகு இரண்டாயிரம். மாற்ற வந்தவர்களுக்கு விரலில் மை வைக்கச் சொன்னார்கள். அறிவித்தவர் டெல்லியில் இருந்தார். வசவு எனக்கு விழுந்தது. ஒரு நாள் பணம் தீர்ந்துவிட்டது என்றதும் வரிசையிலிருந்து ஒரு குரல்: "கோட்டாவுல வந்தவனையெல்லாம் உக்கார வச்சா இப்படித்தான்." அதே வரிசையில் ஒரு கிழவி, காட்டு வேலைக்குப் போகிற கிழவி, என் முறை வரட்டும் என்று நின்று, வந்ததும் "நீ மொதல்ல தண்ணி குடி சாமி" என்றது. அன்றைக்கு நான் வேலையை விட்டு எழுந்து போகாமல் இருந்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

ஆனால் எனக்கு நாற்காலி இருந்தது. சங்கம் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். "காலங்காலமா துண்டை இடுப்புல கட்டிக் கும்பிட்டுக் கெடந்தோம். இப்ப நிமிந்தா மறுபடி பணிவு சொல்லித் தர்றியா?" என்று ஒரு தோழர் கேட்டார். கும்பிடச் சொல்லவில்லை தோழர். பணிவு மேலே இருப்பவனுக்குக் கட்டுகிற கப்பம். நான் கேட்பது உனக்குச் சமமாக நிற்கிற ஆளைச் சமமாகப் பார் என்பது. கோபம் வேண்டும், ஆனால் கோபத்துக்கு விலாசம் வேண்டும். விலையை ஏற்றியது அந்தப் பெண்ணா? பைக்குத் தனிக் காசு போட்டது அந்தப் பெண்ணா? சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கச் சொன்னது அந்தப் பெண்ணா? முதலாளியைக் கூப்பிடு, அவனிடம் கத்து.

"வேங்கைவயல்ல 2022ல குடிநீர்த் தொட்டியில மலத்தைக் கலந்தானுங்க, நீ பில் கவுண்டரைப் பத்தி எழுதறியே" என்றார் இன்னொருவர். வேங்கைவயலில் செயல்பட்ட அந்த மனசு ஒரே ராத்திரியில் முளைத்ததா? தினம் தினம் கொடுக்கல் வாங்கலில், தம்ளரில், திண்ணையில், சில்லறையில் பழக்கப்பட்டு வந்த மனசு அது. அந்தப் பழக்கம் நம் கையிலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கழுவுவது போராட்டத்துக்கு வெளியே உள்ள வேலை இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை உலுக்கியது: "அந்தப் பொண்ணு என்ன ஆளுங்கன்னு தெரியுமா?" தெரியாது. கேட்கவும் மாட்டேன். சாதியைத் தெரிந்துகொண்டு மரியாதை கொடுப்பது என்றால், ஆயாவின் காசுக்குத் தண்ணீர் தெளித்த கடைக்காரரிடம் எனக்கு என்ன வழக்கு?

ஆகவே படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் சிலது சொல்கிறேன். பில் போடும்போது செல்பேசியைக் காதிலிருந்து எடு. எதிரில் இருப்பது மனுஷி. வேண்டாம் என்று நினைக்கிற பொருளை வரிசையில் நிற்கும்போதே எடுத்து வைத்துவிடு. பில்லில் ஏறிய பிறகு நீக்க மேலாளை அழைத்துத் திட்டு வாங்க வேண்டியிருக்கும். பர்ஸைக் கடைசி நிமிஷத்தில் தேடாதே. சில்லறை இருந்தால் கொடு. செல்பேசியில் பணம் போட்டால் வந்துவிட்டது என்று உறுதியாகும்வரை நில். நீ போன பிறகு வராத பணம் அதன் தலையில் விழும். மிச்சம் அதிகமாக வந்தால் திருப்பிக் கொடு. கடை மூடும் நேரத்தில் வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு போய் நிற்காதே. அதற்குக் கடைசி பஸ் இருக்கிறது. 'ஏய்', 'இந்தா பொண்ணு' என்று கூப்பிடாதே. நம்மை எப்படியெல்லாம் கூப்பிட்டார்கள் என்று நமக்குத் தெரியும்.

இத்தோடு முடித்தால் இது வெறும் நல்லொழுக்க வகுப்பு. இன்னொரு வேலை இருக்கிறது. கேரளத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள், விஜி பெண்கூட்டு போன்றவர்கள் முன்னின்று, உட்கார உரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். தமிழ்நாட்டில் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள்: வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. நான் பார்த்த கடையில் நாற்காலி இல்லை. சட்டம் புத்தகத்தில் உட்கார்ந்திருப்பது நமக்குப் புதுசா என்ன? 15(2)ஐக் கடைப்படிக்குக் கொண்டுவர எத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்று தெரிந்தவர்கள் நாம். அந்தப் பெண் கேட்டால் வேலை போகும். நாம் கேட்டால் ஒன்றும் போகாது. வாடிக்கையாளர் ராஜா என்கிறானே, அந்த ராஜபோகத்தை இதற்குப் பயன்படுத்துவோம்.

நோட்டை எறிந்த தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு வந்து, "எங்கம்மாவுக்கும் அப்படித்தாண்டா மேலேருந்து போடுவானுங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் நாங்கள் இருவரும் அந்தக் கடைக்குப் போகிறோம்.

நீயும் உன் ஊரில் போ. காசைக் கையில் கொடு, மீதியைக் கையில் வாங்கு. கைக்குக் கை படட்டும். பிறகு மேலாளர் காதில் விழுகிற மாதிரி சத்தமாகக் கேள்: இவங்க உக்கார நாற்காலி எங்கே?