பெயிண்ட் அடிக்காத வண்டி

பழைய டிராக்டரை விற்கப் போகிறவரிடம் ஊரே சொல்லும் முதல் யோசனை, பெயிண்ட் அடி என்பதுதான். வேப்பந்தட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவிடம் தரகரும் அதையே சொன்னார். "ஒரு கோட்டிங் அடிச்சு விட்டீங்கன்னா பத்தாயிரம் கூட நிக்கும்ணே." சித்தப்பா அடிக்கவில்லை. பாதிக் காரணம் கஞ்சத்தனம். மீதிப் பாதி எனக்கு நியாயமாகப் படுகிறது.

வண்டி மாஸி 1035. சென்னை டாஃபே தயாரிப்பு, மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின். (1840-ல் மெட்ராஸில் கோச்சு வண்டி கட்டிக் கொடுத்தார்களே, அதே சிம்சன்.) 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே வாங்கியது என்பதால் டி.என். 45, திருச்சிப் பதிவு. இப்போது பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61. இந்த ஊரில் 45 ஓடினால் ஒன்று வெளியூர் வண்டி, இல்லை கிழட்டு வண்டி. அதற்குப் பெயிண்ட் அடித்து யாரை ஏமாற்றுவது?

பார்க்க வந்தவர் திருமானூர்க்காரர். ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. முதலில் இன்ஜின் மேல் கையை வைத்தார். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் குளிர்ந்த இன்ஜினின் சண்டித்தனம் தெரியாது. அடுத்த கேள்வி: "சேத்துல இறங்கின வண்டியா?" கொள்ளிடக் கரை நெல் வயலில் உழுத வண்டி என்றால் அச்சு சீல்களுக்குள் சேறு போயிருக்கும். எறையூர் ஆலைக்குக் கரும்பு இழுத்ததென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கும். இது மக்காச்சோளக் கரிசலில் கலப்பை ஓட்டியே காலம் தள்ளியது. ஒன்பது கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொன்னார். கலப்பை மெல்ல இறங்கியது. ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. பின் அச்சில் எண்ணெய்க் கசிவு, தூசி ஒட்டிக் கருப்பாக. அதையும் தொட்டுப் பார்த்து விலையைக் குறைத்தார். குறைத்த பிறகு மேற்கொண்டு சந்தேகப்படவில்லை. பெயிண்ட் அடித்திருந்தால் தெரியாத கசிவுக்கெல்லாம் சேர்த்துக் குறைத்திருப்பார். பெயிண்ட் மூடாததால் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பதும் சுலபமாகவே முடிந்தது.

இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை வந்த சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர்களைத் துருவோடு வாங்கிப் பாதுகாக்க ஆள் இருக்கிறார்கள். நம் பக்கம் பழைய டிராக்டருக்கு இரண்டே விலை: உழவுக்கு ஒன்று, எடைக்கு ஒன்று.

சித்தப்பா பிடிவாதம் பிடித்தது வேறொன்றில். படிவம் 29, 30-ல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பெயர் மாற்றத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் தரகர். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மாற்றாமல் விட்டு வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "வண்டி அழுக்கா போகட்டும், எம்பேரு அதுல போகக் கூடாது" என்று சொல்லி, வாங்கியவரைக் கையோடு கூட்டிக்கொண்டு பெரம்பலூருக்குப் பஸ் ஏறினார். கமிஷன் தள்ளிப்போன கோபத்தில் தரகர் கூடப் போகவில்லை.